குப்பைத்தொட்டிக்கு முன்னால் தொடங்கும் வேலை: அன்றாட நுகர்வையும் கழிவையும் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டுக் கழிவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுப்பவர்களில் பலர் முதலில் செய்வது, வெவ்வேறு நிறங்களில் இரண்டு மூன்று குப்பைத்தொட்டிகளை வாங்கி வைப்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தரம் பிரித்துப் போடுவது அவசியமான வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பொருள் தொட்டிக்கு அருகில் வந்து சேரும்போது, அதற்காகத் தோண்டப்பட்ட மூலப்பொருளும், எரிக்கப்பட்ட எரிபொருளும், செலவான தண்ணீரும் திரும்பி வராத இடத்துக்குப் போய்விட்டிருக்கும். அந்தப் பொருள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்த நேரத்திலேயே கழிவின் பெரும்பகுதி தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

1979ஆம் ஆண்டு நெதர்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆட் லான்சிங்க் கழிவு மேலாண்மைக்கு ஓர் ஏணியை முன்வைத்தார். கழிவே உருவாகாமல் தடுப்பது அதன் மேல்படி. அடுத்து மறுபயன்பாடு, அதன்பின் மறுசுழற்சி, பிறகு எரித்து ஆற்றல் பெறுவது, கடைசியாக நிலத்தில் கொட்டுவது. பல நாடுகளின் கழிவுச் சட்டங்கள் இன்று இந்த வரிசையையே பின்பற்றுகின்றன. வீடுகளில் மட்டும் நாம் ஏணியின் நடுப்படியில் ஏறி நின்றுகொண்டு, மறுசுழற்சியே முதல் கடமை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த வழிகாட்டி மேல்படியில் தொடங்கிக் கீழே இறங்குகிறது.

முதல் படி: ஒரு வாரக் குப்பையை எடை போடுங்கள்

எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால், எது வெளியே போகிறது என்று தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்கு எந்தப் பழக்கத்தையும் மாற்றாதீர்கள். சமையலறைத் தராசு ஒன்றையும் ஒரு நோட்டையும் தொட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். நாள், பொருள், எடை, ஏன் தூக்கி எறிந்தோம் என நான்கு கட்டங்கள் போதும். ஒவ்வொரு தோலையும் தனித்தனியே எடை போட வேண்டியதில்லை. உணவுக் கழிவை ஒரு வாளியிலும், மற்றவற்றை ஒரு பையிலும் சேர்த்து, இரவில் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் நான்காவது கட்டத்தை மட்டும் பொருளைப் போடும்போதே நிரப்புங்கள். இரவில் கேட்டால் காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

நான் முதன்முறை இதைச் செய்தபோது, வாரக் கடைசியில் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து வாளியைக் கவிழ்த்தேன். தோலும் காம்பும் பாதிக்கு மேல் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். மேலேயே கிடந்தது, கட்டிய நூல்கூட அவிழ்க்கப்படாத ஒரு கீரைக்கட்டு. அதைக் கையில் எடுத்தபோது குழகுழவென்று நூலிலிருந்து நழுவி விழுந்தது. அது என் வீட்டில் நான்கு நாள் இருந்திருக்கிறது; அந்த நான்கு நாளும் வேறு காய் வாங்கியிருக்கிறேன். எந்தப் புள்ளிவிவரமும் என்னை அப்படி உறுத்தியதில்லை.

வாரம் முடிந்ததும் நோட்டைப் பொருள்வாரியாகக் கூட்டாமல், காரணவாரியாகக் கூட்டுங்கள். ‘மறந்துபோய்க் கெட்டது’, ‘அளவுக்கு மீறிச் சமைத்தது’, ‘பொருளோடு வந்த உறை’, ‘கேட்காமலே வந்தது’, ‘உடைந்தது, பழுதானது’ என்று ஐந்தாறு காரணங்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ‘பிளாஸ்டிக் அதிகம்’ என்று தெரிந்தால் கவலை மட்டும்தான் மிஞ்சும். ‘கேட்காமலே வந்தது அதிகம்’ என்று தெரிந்தால் அடுத்த வேலை என்னவென்று தெரிந்துவிடும். பார்சலோடு வரும் கரண்டி, இலவச மாதிரிகள், அச்சிட்ட ரசீது, விளம்பரத் தாள்கள் ஆகியவற்றை முன்கூட்டியே ‘வேண்டாம்’ என்று சொல்லி நிறுத்திவிட முடியும். இந்த வழிகாட்டியிலேயே மிக எளிதான வேலை இது. முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

ஒப்பீட்டுக்கு ஓர் எண்: உலக வங்கி 2018இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2016ஆம் ஆண்டில் நகராட்சிக் கழிவின் உலகச் சராசரி ஒருவருக்கு ஒரு நாளைக்கு 0.74 கிலோ; நாட்டுக்கு நாடு அது 0.11 கிலோவிலிருந்து 4.54 கிலோ வரை வேறுபட்டது. கடைகள், அலுவலகங்களின் குப்பையும் இதில் சேர்ந்திருப்பதால், உங்கள் வீட்டு எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அதில் மகிழ்ந்து நின்றுவிட வேண்டாம்.

இரண்டாம் படி: உணவிலிருந்து தொடங்குங்கள்

பலருக்கும் கைப்பையில் கிடக்கும் பாலித்தீன் உறைதான் முதலில் கண்ணில் படும். என் கருத்தில் உணவே முதலில் கவனிக்க வேண்டியது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகெங்கும் கடைகள், உணவகங்கள், வீடுகள் ஆகிய மூன்று இடங்களிலும் 105 கோடி டன் உணவு வீணானதாகக் கணக்கிட்டது. அதில் 60 விழுக்காடு வீடுகளில் வீணானது. தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகளையும் சேர்த்து, வீட்டில் மட்டும் ஒருவருக்கு ஆண்டுக்கு 79 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 215 கிராம். உங்கள் நோட்டிலுள்ள உணவுக் கழிவை ஏழாலும், வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையாலும் வகுத்து இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வீணாகும் உணவு குப்பைமேட்டின் அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு.

உணவு வீணாவதற்குப் பெரும்பாலும் காரணம் கண்ணில் படாமல் போவதுதான். ஆகவே குளிர்சாதனப் பெட்டியை ஒருமுறை முழுவதுமாகக் காலி செய்து, புதிதாக அடுக்குங்கள். கண்மட்டத்திலுள்ள தட்டில் மூடியில்லாத ஒரு பெட்டியை வைத்து, ‘இதை முதலில்’ என்று எழுதி ஒட்டுங்கள். பாதி நறுக்கிய காய், மீந்த குழம்பு, நாள் நெருங்கிய பொருள் எல்லாம் அதற்குள் மட்டுமே இருக்க வேண்டும். சமைக்கத் தொடங்கும் முன் கை முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போக வேண்டும் என்பதை வீட்டு விதியாக வையுங்கள். புதிதாக வாங்கியவை பின்வரிசைக்கும், பழையவை முன்வரிசைக்கும் வர வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் எல்லா இடமும் ஒரே அளவு குளிராக இருப்பதில்லை. கதவின் உள்பக்கம்தான் அதிகம் சூடாகும் இடம். பாலை அங்கே வைக்கும் வழக்கத்தை விட்டு உள்தட்டுக்கு மாற்றினாலே அது கூடுதல் நாள் தாங்கும். உள்வெப்பம் 4 அல்லது 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. ஆப்பிள், வாழை, தக்காளி ஆகியவை எத்திலீன் என்ற வாயுவை வெளியிட்டு, அருகிலுள்ள கீரையையும் காய்களையும் விரைவாக மஞ்சளாக்கி வாடவைக்கும். அவற்றைத் தனியே வையுங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் வைக்காதீர்கள். கீரையை ஈரம் துடைத்து, ஒரு துணியில் சுற்றி, மூடிய பெட்டியில் வைத்தால் பல நாள் நிற்கும். அந்தக் கீரைக்கட்டுக்குப் பிறகு என் வீட்டில், வாங்கி வந்த அன்றே நூலை அவிழ்ப்பது என்பது மாறாத வழக்கமாகிவிட்டது.

உறையில் அச்சிட்ட தேதிகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்துகொள்வது அடுத்தது. ‘இந்த நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைப் பற்றியது; அந்த நாள் கடந்துவிட்டால் உண்ணக் கூடாது. ‘இந்த நாள்வரை சிறந்தது’ என்பது சுவையையும் தரத்தையும் பற்றியது; சரியாகச் சேமித்த உலர்பொருட்கள் அந்த நாளுக்குப் பிறகும் பெரும்பாலும் உண்ணத் தக்கவையாகவே இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணி நல்ல பொருளை எறிந்துவிடுபவர்கள் ஏராளம்.

சமைக்கும் அளவைப் பொறுத்தவரை, கண்ணளவை நம்பாமல் ஒரு மாதத்துக்கு ஒரே குவளையால் அளந்து சமையுங்கள். மீந்ததையும் அதே குவளையால் அளந்தால், எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது இரண்டு வாரத்தில் தெளிவாகிவிடும். மீந்த உணவைச் சூடு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், ஒருவேளை அளவாகப் பிரித்து, தேதி எழுதி உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். தேதி எழுதாத டப்பாவை யாரும் திறப்பதில்லை.

மூன்றாம் படி: வாங்குவதற்கும் விரும்புவதற்கும் இடையே நாட்களை வையுங்கள்

உணவும் மருந்தும் அல்லாத எந்தப் பொருளுக்கும் காத்திருப்புப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வேண்டும் என்று தோன்றியதும் பொருளின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். சிறிய பொருளுக்கு ஒரு வாரம், பெரியதற்கு முப்பது நாள் கழித்து மீண்டும் பாருங்கள். மாதக் கடைசியில் பட்டியலைப் படிக்கும்போது, சில பொருட்களை எதற்காக எழுதினோம் என்பதே நினைவுக்கு வராது. அவற்றை அடித்துவிடுவதில் ஒரு நிம்மதியும் இருக்கிறது. முப்பது நாள் கழிந்தும் தேவை மாறாமல் நின்றால் குற்ற உணர்வின்றி வாங்குங்கள். தேவையான பொருளை வாங்காமல் சிரமப்படுவதற்கும் கழிவைக் குறைப்பதற்கும் தொடர்பில்லை.

இதைக் கடினமாக்குவது, பொத்தானை ஒருமுறை தொட்டாலே வாங்கி முடிந்துவிடும் வசதி. அந்த வசதியை நீங்களே கொஞ்சம் குலைத்துவிடலாம். விற்பனைச் செயலிகளின் அறிவிப்புகளை அணைத்து, சேமித்துவைத்த அட்டை எண்களை நீக்கி, தள்ளுபடி மின்னஞ்சல்களிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள். ஒரே மாலையில் முடியும் இந்த வேலை, மன உறுதியை நம்பி எடுக்கும் பல தீர்மானங்களைவிட நீண்ட நாள் பயன் தரும்.

ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் தேவைப்படும் துளைக்கருவி, ஏணி, கூடாரம், பெரிய பாத்திரம் போன்றவற்றைச் சொந்தமாக வைத்திருப்பதற்குப் பதில், உறவினரிடமோ அண்டை வீட்டாரிடமோ இரவல் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால், உங்களிடம் இருப்பதை முதலில் நீங்கள் கொடுக்க முன்வாருங்கள். அதன்பின் கேட்பது எளிது.

நான்காம் படி: ஒருமுறைப் பொருட்களுக்கு மாற்று, ஆனால் புதிதாக வாங்காமல்

தண்ணீர்ப் புட்டி, பை, குவளை, கரண்டி, கைக்குட்டை ஆகிய ஐந்தும் எப்போதும் உடன் இருந்தால், வெளியிடங்களில் உருவாகும் கழிவில் கணிசமான பகுதி நின்றுவிடும். இவற்றுக்காகக் கடைக்குப் போகாதீர்கள்; வீட்டிலேயே இருக்கும். துணிப்பை நல்லது என்று பத்துப் பைகள் சேர்த்துவைப்பது பயனற்றது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, புவி வெப்பமாதல் என்ற ஓர் அளவுகோலில் மட்டும், ஒரு பருத்திப் பையைக் குறைந்தது 131 முறை பயன்படுத்தினால்தான் அது மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை ஒருமுறை பயன்படுத்துவதற்குச் சமமாகும். ஆகவே துணிப்பை ஒன்றிரண்டு போதும். அவை கிழிந்தால் தைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களையும், கண்ணாடிக்கு மாறுகிறோம் என்ற பெயரில் எறிந்துவிடாமல், உலர்பொருள் வைக்கவாவது உடையும்வரை பயன்படுத்துங்கள்.

பையை எடுக்க மறப்பதுதான் எல்லோருடைய சிக்கல். வாசல் கதவின் கைப்பிடியிலேயே அதை மாட்டிவையுங்கள். வீடு திரும்பிச் சாமான்களை எடுத்து வைத்ததும் அது மறுபடி கைப்பிடிக்குப் போய்விட வேண்டும்.

ஐந்தாம் படி: இருப்பதை நீண்ட நாள் உழைக்க வையுங்கள்

2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. ஒரு கைபேசி தன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரியுமிழ்வின் பெரும்பகுதி, அது உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே நிகழ்ந்துவிடுகிறது. எனவே மின்சாரத்தை மிச்சப்படுத்தி அதைச் சார்ஜ் செய்வதைவிட, இரண்டாண்டில் மாற்றும் கைபேசியை நான்காண்டு வைத்திருப்பது பன்மடங்கு பயனுள்ள செயல். பேட்டரி தளர்ந்தால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு பெரிய எதிரி. வெயிலில் நிறுத்திய வண்டியில் கைபேசியை விட்டுவைக்காதீர்கள். நாள்தோறும் முழுவதும் தீரவிட்டு முழுவதும் ஏற்றுவதைவிட, 20க்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையே வைத்திருந்தால் அது மெதுவாகத் தேயும். வேகம் குறைந்தால் முதலில் தேவையற்ற கோப்புகளை அழித்துப் பாருங்கள்.

துணிகளுக்கும் இதே நியாயம். ஒருமுறை உடுத்தியதெல்லாம் அழுக்கல்ல. காற்றாட விட்டால் போதுமானவை உண்டு. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் உலர்த்தினால் நிறமும் நூலும் கூடுதல் காலம் நிற்கும். பித்தான் தைப்பது, விட்டுப்போன தையலைப் பிடிப்பது, சிறு கிழிசலை இழையோட்டுவது என்ற மூன்றையும் வீட்டில் எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெரிய பழுதுக்கு ஆள் தேட வேண்டும். 2009 அக்டோபரில் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டீன் போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர், பழுதான பொருட்களைக் கொண்டுவந்து தன்னார்வலர்களோடு சேர்ந்து சரிசெய்துகொள்ளும் ஒரு கூடுகையைத் தொடங்கினார். ‘ரிப்பேர் கஃபே’ என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் நடக்கிறது. அருகில் அப்படி ஏதும் இல்லாவிட்டாலும், புதிய பொருள் வாங்கும்போதே, திருகாணியால் திறக்க முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பசையால் ஒட்டி மூடப்பட்ட பொருளைப் பழுதுபார்ப்பவர் திறக்கவே தயங்குவார்.

ஆறாம் படி: தரம் பிரித்தலை அரைகுறையாகச் செய்யாதீர்கள்

2017இல் வெளியான ஓர் ஆய்வு, 2015வரை உலகில் உருவான மொத்தப் பிளாஸ்டிக் கழிவில் சுமார் 9 விழுக்காடே மறுசுழற்சி செய்யப்பட்டதாகவும், 79 விழுக்காடு நிலத்திலும் இயற்கைச் சூழலிலும் குவிந்ததாகவும் மதிப்பிட்டது. புட்டியின் அடியில் அம்புக்குறி முக்கோணத்துக்குள் இருக்கும் 1 முதல் 7 வரையான எண் ‘மறுசுழற்சிக்கு உரியது’ என்று சொல்லவில்லை. அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டுமே சொல்கிறது. 1, 2 ஆகிய எண்களை ஏற்பவர்கள் பரவலாக உண்டு; மற்றவை இடத்தைப் பொறுத்தவை. உங்கள் பகுதியில் சேகரிப்பவரிடமே எதை எடுக்கிறார், எதை ஒதுக்குகிறார் என்று நேரில் கேட்டு எழுதி, தொட்டியின் மேல் ஒட்டுங்கள்.

ஏற்றுக்கொள்வார்களோ என்னவோ என்ற ஐயத்தில் எல்லாவற்றையும் மறுசுழற்சித் தொட்டியில் போடுவது நல்லெண்ணத்தால் செய்யும் தவறு. குழம்பு ஒட்டிய ஒரு டப்பா, பக்கத்திலுள்ள நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். காய்கறி கழுவிய நீரில் ஒருமுறை அலசிக் கவிழ்த்து வைத்தால் போதும். கடை ரசீதுகள் பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் பூச்சுத் தாளில் வருவதால் காகிதக் கட்டில் சேர்க்கக் கூடாது. எண்ணெய் ஊறிய அட்டையும் அப்படியே. உலோகத்தைத் தவறவிடாதீர்கள்: பழைய அலுமினியத்தை உருக்கிப் பயன்படுத்துவதில், தாதுவிலிருந்து எடுப்பதைவிட ஏறத்தாழ 95 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகிறது.

பேட்டரியை எந்தத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பற்றும். அந்தத் தீயின் முன்னால் நிற்பவர் குப்பை அள்ளும் தொழிலாளி. முனைகளில் டேப் ஒட்டி, ஒரு கண்ணாடிக் குப்பியில் சேர்த்து, உரிய சேகரிப்பு இடத்தில் கொடுங்கள். உடைந்த கண்ணாடியையும் பிளேடையும் தடித்த அட்டையில் சுற்றி, மேலே எழுதிக் கொடுப்பதும் அதே அக்கறையால்தான்.

ஏழாம் படி: தவிர்க்க முடியாத தோலையும் காம்பையும் மட்க வையுங்கள்

பக்கங்களிலும் அடியிலும் துளையிட்ட மூடியுள்ள வாளி ஒன்று போதும். அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சருகு அல்லது கிழித்த அட்டையைப் பரப்புங்கள். ஒரு பங்கு ஈரக்கழிவு போட்டால், அதற்கு மேல் இரண்டு பங்கு உலர்ந்த சருகோ மரத்தூளோ போட்டு மூடுங்கள். நுண்ணுயிர்களுக்குக் கரிமமும் நைட்ரஜனும் ஏறத்தாழ 30க்கு 1 என்ற விகிதத்தில் தேவை. உலர்பொருள் கரிமத்தையும், பச்சைக் கழிவு நைட்ரஜனையும் தருகின்றன. வாரம் இருமுறை அடிவரை கிளறிக் காற்று புகவிடுங்கள். கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் மட்டும் வர வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். சருகைக் கூட்டிக் கிளறுங்கள். எதுவும் நடக்காமல் கிடந்தால் காய்ந்துவிட்டது, நீர் தெளியுங்கள். சிறிய வாளியில் இறைச்சி, எண்ணெய், பால் பொருட்கள் வேண்டாம். வெப்பமான இடத்தில் இரண்டு மூன்று மாதத்திலும், குளிர்ந்த இடத்தில் இன்னும் தாமதமாகவும், மழைக்குப் பிந்திய மண்வாசனையுடன் எரு கிடைக்கும்.

எட்டாம் படி: ஒவ்வொன்றாகப் பழக்கமாக்குங்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் மூன்றாம் வாரத்தில் எதுவும் மிஞ்சாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் அளவுக்குப் பழக்கமாக 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று மதிப்பிடப்பட்டது; நடுமதிப்பு 66 நாள். நடுவில் ஒருநாள் தவறியது அந்தப் போக்கைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே உங்கள் நோட்டில் அதிக எடை காட்டிய காரணத்தை எடுத்து, அதற்கான ஒரே ஒரு பழக்கத்தை இரண்டு மாதம் செய்யுங்கள். ‘உணவை வீணாக்க மாட்டேன்’ என்று பொதுவாக எழுதாமல், ‘அடுப்பைப் பற்றவைக்கும் முன் “இதை முதலில்” பெட்டியைப் பார்ப்பேன்’ என்று, ஏற்கெனவே நாள்தோறும் செய்யும் ஒரு வேலையோடு முடிச்சுப் போட்டு எழுதுங்கள்.

வீட்டிலுள்ள மற்றவர்களைக் கண்டிக்காதீர்கள். தொட்டியில் கையை விட்டு, ‘இதை யார் போட்டது?’ என்று கேட்ட நாட்களில் என் வீட்டில் எல்லோரும் எனக்குத் தெரியாமல் எறியக் கற்றுக்கொண்டார்கள். எடை குறிக்கும் நோட்டைக் குழந்தையின் பொறுப்பில் விட்ட பிறகுதான் அது மாறியது. தராசின் முள்ளைப் பார்ப்பதற்காகவே வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான்.

பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும் ஒரு வாரம் எடை போடுங்கள். விருந்தினர், பயணம், பண்டிகை ஏதுமில்லாத, முதல் வாரத்தைப் போன்ற வாரமாக இருக்கட்டும். காரணங்களைப் பழைய பக்கத்துக்கு எதிரே அதே வரிசையில் எழுதுங்கள். குறைந்தவற்றை விட்டுவிட்டு, அசையாமல் நிற்பதை எடுத்து அடுத்த பழக்கத்தைத் தொடங்க வேண்டும். என் இரண்டாம் பக்கத்தில் ‘மறந்துபோய்க் கெட்டது’ என்ற வரி ஏறக்குறைய காலியாக இருந்தது. மருந்து மாத்திரையின் காலி அட்டைகள் மட்டும் முதல் வாரத்தில் இருந்த அதே எண்ணிக்கையில் இருந்தன. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாமல் ஒட்டியவை அவை. மருந்தைக் குறைக்கவும் முடியாது. அவற்றை ஒரு டப்பாவில் சேர்த்து வருகிறேன். சேகரிக்க வருபவரிடம் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.